வெளிமாநில போர்ஷே

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், வேறு மாநில டீலரிடம் 2003ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் வாங்கப் போகிறான். நம்பி வாங்கலாமா?

பதில்: படத்தை மட்டும் பார்த்து உங்கள் மகன் முன்பணம் அனுப்பிவிடக் கூடாது. டீலருக்குத் தொடர்பில்லாத, அந்த ஊர் போர்ஷே மெக்கானிக் ஒருவர் முதலில் காரைப் பார்க்கட்டும்.

அந்தக் காலத்து பாக்ஸ்டரில் எஞ்சினுக்குள் இருக்கும் ஐ.எம்.எஸ். (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) பேரிங் உடைவது பேர்போன கோளாறு. உடைந்தால் பெரும்பாலும் எஞ்சினே போய்விடும். குறைவாக ஓடிய கார்களையும் அது விட்டுவைப்பதில்லை. அதனால் ஓடிய தூரத்தைவிட, பேரிங் மாற்றிய ரசீதுதான் முக்கியம்.

அடுத்தது டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம். 2005இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல, மாநிலம் மாறிப் பதிவாகி, டைட்டிலில் வெள்ளச் சேதக் குறிப்பு இல்லாமல், பழுதில்லாதவைபோல விற்கப்பட்டன. காரின் அடையாள எண்ணை (வி.ஐ.என்.) கொடுத்து வரலாற்று அறிக்கை வாங்குவது அவசியம்.

கார் கண்ணாடியில் டீலர் ஒட்டியிருக்கும் தாளில் ‘ஆஸ் இஸ்’ (உத்தரவாதம் இல்லாமல், உள்ளபடியே) என்று குறித்திருந்தால், வாங்கியபின் வரும் பழுதுச் செலவு உங்கள் மகனுடையதே.