இளங்கையும் பந்துவீச்சும்



கோடைக்காலத்தில் எம் பிள்ளைகள் டென்மார்க்கின் புல்வெளிகளில் துடுப்பாட்டம் ஆடுவதைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். இந்நாட்டின் வைலே நகரில் 1958ஆம் ஆண்டு பிறந்த ஓலே மோர்டென்சன் என்பவர், 1983 முதல் 1994 வரை இங்கிலாந்தின் டார்பிசயர் அணிக்காகப் பந்து வீசி, 400க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆகவே, இம்மண்ணிலும் நல்ல பந்துவீச்சாளர் உருவாகலாம் என்பது தெளிவு.

பந்துவீச்சின் ஆற்றல் கையிலே பிறப்பதன்று, காலிலே பிறப்பது. சீரான ஓட்டத்தாற் பெறும் விசை கால், இடுப்பு, தோள் என ஏறி, இறுதியிலேயே விரல்நுனியை அடைகின்றது. அமெரிக்கரின் பேஸ்போல் எறிதலுக்கும் இதுவே அடிப்படை. ஆயினும், அங்கே முழங்கையை மடக்கி எறியலாம். துடுப்பாட்டத்தில் மடங்கிய கையை நீட்டி எறிதல் விதிமீறலாகும். பந்தின் தையலுக்கு இருபுறமும் இரு விரல்களை வைத்து, பெருவிரலாற் கீழே தாங்குங்கள். இடுப்பும் தோளும் ஒரே திசையை நோக்கட்டும்; இரண்டும் வெவ்வேறு திசையிற் திரும்பினால் முதுகெலும்பு முறுக்குண்டு நோகும்.

இங்கே எமது தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரில் ஆசிரியராயிருந்த காலத்தில், பதின்மூன்று வயது மாணவன் ஒருவனை ஒரே நாளில் இருபது ஓவர்கள் வீசச் செய்தோம். "முதுகு நோகுது, சேர்" என்று அவன் சொன்னதையும் பொருட்படுத்தவில்லை. ஆட்டத்தில் வென்றோம். ஆனால், அடுத்த ஆண்டு அவன் பந்தையே தொடவில்லை. வளரும் எலும்பு இன்னும் முதிராத எலும்பு என்பதை நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வயதுடைய வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து 5 ஓவர்களுக்கும், ஒரு நாளில் 10 ஓவர்களுக்கும் மேல் வீசலாகாது என இங்கிலாந்துத் துடுப்பாட்டச் சபை பிற்காலத்தில் வழிகாட்டல் வகுத்தது. நாம் வீசச் செய்ததோ அதன் இரு மடங்கு.

கண்டியிற் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன், சிறுவயதில் மிதவேகப் பந்து வீசியவர். பதினான்கு வயதளவில் பயிற்றுநரின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 2010இல் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றபோது அவர் வீழ்த்தியிருந்த விக்கெட்டுகள் 800! உரிய வயதில் உரிய வழிகாட்டல் கிடைத்ததன் பயன் அது.

மாணவர்களே, வலியை மறைக்காதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை "நோகுது" என்றால் அன்றைய ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். ஆட்டம் அடுத்த வாரமும் வரும். பிள்ளையின் முதுகு ஒன்றுதான்.