கரகரப்பும் இசையே
(இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பழைய ராக் இசையில் மின்கிட்டார் கரகரப்பது பழுதன்று, அது இயற்பியல். பெருக்கியின் எல்லையை மீறினால் அலையின் முகடுகள் வெட்டுப்படும். இருபுறமும் சமமாக வெட்டுப்பட்டால், அடிப்படை அதிர்வெண்ணைப்போல் 3, 5, 7 மடங்கான மேற்சுரங்கள் பிறக்கும். இதுவே ‘ஃபஸ்’. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் இதைப் புகழடையச் செய்தனர்.

நம்மவரும் பின்தங்கவில்லை. 1970, 1971-ஆம் ஆண்டுப் போட்டிகளையொட்டி வெளிவந்த ‘சிம்லா பீட்’ இசைத்தட்டுத் தொகுப்புகளில் சென்னையின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’ குழுவும் உண்டு. அவற்றை மறதியிலிருந்து மீட்டவர்கள் ரசிகர்களே.

அருப்புக்கோட்டை விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த என் செவிக்கு அக்கரகரப்பு அந்நியமன்று. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி மிதித்தவன் நான். “இந்த இரைச்சலைக் கேட்கவா படிக்கப் போனே?” என்கிறார் அப்பா. இரைச்சலுக்குள்ளும் ஒழுங்கு உண்டென்று அறியத்தானே படிப்பு! பரணில் பழைய இசைத்தட்டு கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள், ஒருமுறை கேளுங்கள்.