தூண்டிலும் திதியும்

தீவு என்ற சொல்லைக் கேட்டவுடன் இராமேசுவரமும் இலங்கையும் அந்தமானும் உங்கள் நினைவுக்கு வரும். நீங்கள் வாழும் மான்குர்தும் ஒரு தீவின் மேல் அமைந்துள்ளது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? மேற்கே அரபிக்கடல்; வடக்கே வசாய்க் கழி; கிழக்கே தாணேக் கழி. இவற்றின் நடுவே உள்ள நிலப்பகுதி சால்செட் தீவு எனப்படும். மான்குர்த் அதன் கிழக்கு ஓரம். வாஷிக்குச் செல்லும் மின்தொடர்வண்டி மான்குர்தை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில் நீரின்மேல் ஓடுகிறதே, அப்போது நீங்கள் தீவைக் கடந்து பெருநிலத்துக்குச் செல்கிறீர்கள்.

கடலிலிருந்து நிலத்துக்குள் நீளும் உப்புநீர்க் கிளையே கழி. மராத்தியில் இதனைக் காடி என்பர். சங்க இலக்கியம் கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தல் நிலத்தைப் பாடும்போது கழியையும் பாடுகின்றது. அங்கு வாழ்ந்தோர் பரதவர். இங்கு வாழ்வோர் கோலியர். இருவர்க்கும் தொழில் மீன்பிடித்தல். தொழிலாக அன்றி, ஓய்வுப் பொழுதில் கரையில் நின்று தூண்டில் போடுவோரும் இரு கடற்கரைகளிலும் உள்ளனர். இப்பாடம் அவர்களைப் பற்றியது.

முதலில் பாம்பன் தீவுக்குச் செல்வோம். இராமேசுவரம் அமைந்துள்ள தீவு இது. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொடர்வண்டிப் பாலமும், 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சாலைப் பாலமும் இதனைப் பெருநிலத்துடன் இணைத்தன. தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர் மக்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்று எளிமையாகச் சொல்வர். தூண்டில் போடுபவர்க்குத் தேவையான கருவிகள் மிகச் சில: தங்கூஸ் நரம்பு, முள், நரம்பை நீரில் அமிழ்த்த ஓர் ஈயக்குண்டு, இரையாக இறாலோ கணவாய்த் துண்டோ. கோல்கூட வேண்டியதில்லை, நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு வீசுவோரும் உண்டு. விளைமீன், பாறை, ஓரா முதலியன கிடைக்கும்.

பாம்பனில் தூண்டில்காரர் முதலில் பார்ப்பது காற்றை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்; வடகடல் அமைதியாக இருக்கும். வாடைக் காற்று வீசத் தொடங்கினால் நிலைமை மாறும். காற்றை அறிந்தவர் கரையை மாற்றிக்கொள்வார். கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும் அங்கு மிகக் குறைவு. ஒரு மீட்டர் அளவைக்கூடத் தொடாது.

பாம்பனில் ஐம்பது ஆண்டுகள் தூண்டில் போட்ட தாத்தா ஒருவர் மான்குர்துக்கு வந்துள்ளார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கழிக்கரைக்குச் செல்கிறார். அலையாத்தி மரங்களுக்கு அப்பால் சேற்றுவெளி நெடுந்தொலைவு விரிந்திருக்கிறது; நீர் எங்கோ ஒரு கோடாகத் தெரிகிறது. நிவ்டி என்று மராத்தியில் அழைக்கப்படும் சிறுமீன்கள் சேற்றின்மேல் துள்ளுகின்றன. காற்று இல்லை, நீர் அமைதியாக உள்ளது. பாம்பன் பழக்கத்தின்படி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நீரை நோக்கி நடக்கலாம் என்று தாத்தா நினைப்பார்.

அங்குதான் ஆபத்து. மும்பைக் கடலில் நீர் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாள்கள் உண்டு. ஏறும் நீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. சேற்றுவெளியை அறுத்துச் செல்லும் ஓடைகளை அது முதலில் நிரப்புகிறது. எனவே நடந்து சென்றவரின் முன்னே சேறு இன்னும் காய்ந்திருக்க, அவருக்குப் பின்னே உள்ள ஓடை நிறைந்துவிடும். முழங்கால்வரை புதையும் சேற்றில் விரைந்து திரும்பவும் இயலாது. ஆதலால் இங்குத் தூண்டில் போடுவோர் கரையிலேயே நின்று, நீர் தம்மிடம் வரும்வரை காத்திருப்பர். ஏறும் நீருடன் மடவையும் கெளுத்தியும் தாமாகவே வரும்.

நீர் எப்போது வரும்? இதற்கு மராட்டியக் கடற்கரையில் வழிவழியாக வரும் கணக்கு ஒன்று உண்டு. அது வியப்பூட்டுமளவு எளியது. அன்றைய திதியின் எண்ணை முக்காலால் பெருக்க வேண்டும். கிடைக்கும் எண்ணே நீர் முழுதும் ஏறும் மணி. திதியை அறிய உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும்! சதுர்த்தி நான்காம் திதி; 4 × ¾ = 3. பகலிலும் இரவிலும் ஏறத்தாழ மூன்று மணிக்கு நீர் நிறைந்திருக்கும். அதிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து, அதாவது ஒன்பது மணிக்கு, வற்றியிருக்கும். வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் கணக்கு ஒன்றே. பௌர்ணமியையும் அமாவாசையையும் பதினைந்து என்று கொள்க. கணக்கு ஒரு மணி நேரம்வரை முன்பின் ஆகலாம்.

நிலவு நாள்தோறும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகத் தாமதித்து உதிக்கிறது. கடல்நீரை இழுப்பதில் நிலவுக்கே பெரும்பங்கு என்பதால் நீரும் அவ்வாறே தாமதிக்கிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கதிரவனும் நிலவும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஏற்றம் மிகும். கோலியர் இதனை உதாண் என்பர். அட்டமியை ஒட்டி ஏற்றம் குறைவு, அது பாங்க். மழைக்காலத்தில் நீர் நான்கரை மீட்டருக்கு மேல் ஏறும் நாள்களை மும்பை மாநகராட்சி முன்னரே அறிவிப்பதும் இதனால்தான். அந்நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் தெருநீர் வடிய வழி இராது.

இன்னும் இரு செய்திகள். கெளுத்தியின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்கள் நஞ்சுடையவை. பாம்பனின் ஓராவுக்கும் அப்படியே. முள்ளிலிருந்து மீனைக் கழற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விடுக. அடுத்தது, தாணேக் கழியில் நகரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலக்கின்றன. கழியில் பிடித்த மீனை உண்பது பற்றித் தாத்தா இருமுறை எண்ணத்தான் வேண்டும். பாம்பனில் அவருக்கு இக்கவலை இருந்ததில்லை.

சொற்பொருள்
ஓதம் – கடல்நீரின் ஏற்றம். நீர் ஏறுவதை மராத்தியில் பர்தி என்றும், வற்றுவதை ஓஹோட்டி என்றும் கூறுவர்.
கழி – உப்பங்கழி.
கச்சான் – தென்மேற்குக் காற்று.

பயிற்சி
1. பாம்பனில் தூண்டில்காரர் காற்றைப் பார்ப்பது ஏன்? மான்குர்தில் அது மட்டும் போதாது, ஏன்?
2. நாளை தசமி. காலை ஏழரை மணிக்குக் கழிக்கரையில் நீர் எந்நிலையில் இருக்கும்? பிற்பகல் ஒன்றரை மணிக்கு?
3. இன்றைய திதியை நாள்காட்டியில் பார்த்து எழுதுக. நீர் நிறையும் நேரத்தைக் கணக்கிடுக. வாஷிப் பாலத்தைத் தொடர்வண்டியில் கடக்கும்போது உங்கள் கணக்குச் சரியா என்று சாளரத்தின் வழியே பார்த்து, ஐந்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் ஊரில் மீன்பிடிக்கும் உறவினர் எவரேனும் உளரா? அவர்கள் காற்றுக்கும் மீனுக்கும் வழங்கும் பெயர்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதி வருக.