‘ஃபைல் ஓப்பன் ஆகல’ என்று பையர் மெயில் போட்டால்

மாலை ஆறரை மணி. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. ‘லோடிங் வீடியோ ஓப்பன் ஆகவில்லை, திரும்ப அனுப்பவும்’ என்று பையரிடமிருந்து மெயில். சிஸ்டம் பார்க்கும் ஆள் போனை எடுக்கவில்லை. அவர் இன்னும் நாலு கம்பெனிக்குப் போகிறவர். மெர்ச்சண்டைசிங் ஹாலில் இருக்கும் அத்தனை பேருக்கும் எக்செல் தெரியும், டெக் பேக் படிக்கத் தெரியும், மெயில் அடிக்கத் தெரியும். அந்த வீடியோவை அரை மணி நேரத்தில் ஓடவைத்து அனுப்பத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அடுத்த முறை ஜி.எம். யாரைத் தேடுவார்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இன்று வீடியோ இல்லாத டிபார்ட்மென்ட் இல்லை. ஃபிட் சேம்பிள், இன்லைன் இன்ஸ்பெக்ஷன், ஆடிட்டுக்கான ஃபயர் டிரில், கார்ட்டன் லோடிங் எல்லாமே யாரோ ஒருவர் போனிலோ சிசிடிவியிலோ பதிவாகிறது. அதை அடுத்தவர் பார்க்கும்படி மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு மட்டும் தனியாக ஆள் கிடையாது. அந்தக் காலி இடத்தில் நீங்கள் போய் உட்காரலாம். கோர்ஸ் ஃபீஸ் இல்லை. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். ஆனால் பழகுவதெல்லாம் வீட்டில் நடக்கட்டும். கம்பெனி சிஸ்டத்தில் பரிசோதனை வேண்டாம்.

1. எங்கே உடைந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஒரு வீடியோ நாலு இடத்தில் கெடலாம்: ஒரிஜினல் ஃபைலில், கன்வெர்ஷனில், டிஸ்க் எழுதும்போது, ஓட்டும் மெஷினில். பெரும்பாலானவர்கள் நேராக இரண்டாவதில் கைவைத்து, புதுப் புது சாஃப்ட்வேராக இறக்குவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஒரிஜினல் ஃபைலை விஎல்சி ப்ளேயரில் கடைசி நிமிடம் வரை இழுத்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கன்வெர்ட் ஆன ஃபைலைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் டிஸ்க்கை இன்னொரு டிரைவில் போடுங்கள். பத்து நிமிடத்தில் பிரச்சினை எந்தக் கட்டத்தில் என்று தெரிந்துவிடும்.

கூகுளில் முதலில் வரும் ‘ஃப்ரீ கன்வெர்ட்டர்’ பக்கமே போகாதீர்கள். பாதி வீடியோவோடு நிறுத்திப் பணம் கேட்கும். இல்லையென்றால் நடுவில் தன் வாட்டர்மார்க்கை ஒட்டும். கூடவே என்னென்னவோ இன்ஸ்டால் ஆகும். பையரின் டிசைனும் பேங்க் பேப்பரும் இருக்கிற கம்ப்யூட்டரில் அப்படி ஒன்றை ஏற்றினால், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விஎல்சி, ஹேண்ட்பிரேக், மீடியாஇன்ஃபோ மூன்றையும் அதனதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். மூன்றும் இலவசம். நூற்றுக்குத் தொண்ணூறு வேலை இதிலேயே முடியும்.

2. கார்ட்டன் வேறு, பனியன் வேறு

எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பதெல்லாம் வெளிக் கார்ட்டன். உள்ளே இருக்கும் சரக்கு எச்.264, எச்.265, எம்பெக்-2 என்ற கோடெக். கார்ட்டன் மேல் லேபிளை மாற்றினால் உள்ளே சைஸ் மாறாது. ஃபைல் பெயரில் ஏவிஐ என்பதை அழித்து எம்பி4 என்று டைப் அடிப்பதும் அப்படித்தான். இதைச் செய்துவிட்டு ‘கன்வெர்ட் பண்ணிட்டேன் சார்’ என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மீடியாஇன்ஃபோவில் ஃபைலைப் போட்டால் உள்ளே என்ன கோடெக் என்று காட்டிவிடும். ஐபோனில் எடுத்த வீடியோ பழைய விண்டோஸில் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் எச்.265 தான் காரணம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் அந்த முறையில் சேமிக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற ப்ரீசெட்டைத் தேர்ந்தெடுத்து எச்.264 எம்பி4 ஆக எடுத்தால், பையர் எந்த ஊரில் திறந்தாலும் ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும். கோடெக் சரியாக இருந்து கார்ட்டன் மட்டும்தான் பிரச்சினை என்றால் முழுசாகக் கன்வெர்ட் செய்யவே தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற சாஃப்ட்வேரில் ‘காப்பி’ முறையில் கார்ட்டனை மட்டும் மாற்றலாம். ஒரு மணி நேர வீடியோ சில நொடிகளில் முடியும், குவாலிட்டியும் துளி குறையாது. பக்கத்து சீட்காரர் இரண்டு மணி நேரம் புரோக்ரஸ் பாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மெயில் போய்ச் சேர்ந்திருக்கும்.

3. சிசிடிவியில் கைவைக்கும் முன்

இந்த ஊரில் அதிகம் வந்து நிற்பது இதுதான். டிவிஆரிலிருந்து பென் டிரைவில் எடுத்த ஃபைல் பல நேரம் டிஏவி என்று முடியும். வழக்கமான ப்ளேயர்களில் பெரும்பாலும் சரியாகத் திறக்காது. முதலில் டிவிஆரின் பேக்கப் மெனுவிலேயே எம்பி4 அல்லது ஏவிஐ என்ற ஆப்ஷன் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. இல்லையென்றால் அந்தக் கேமரா கம்பெனியின் சொந்த ப்ளேயரில் திறந்து, அதிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டிவிஆர் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் எழுதி வையுங்கள். கார்ட்டன் குறைகிறது என்று பையர் டெபிட் நோட் போடும்போது, ஏழு நிமிட வித்தியாசம்கூட உங்கள் வீடியோவை வீணாக்கிவிடும்.

திருட்டு, விபத்து, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் என்று விஷயம் போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போகிறது என்றால் கியரை மாற்றுங்கள். ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீர்கள். கட் பண்ணாதீர்கள், பெயரைக்கூட மாற்றாதீர்கள். காப்பி எடுத்து, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள். 2014இல் அன்வர் எதிர் பஷீர் என்ற கேரளத் தேர்தல் வழக்கில், கூடவே சான்றிதழ் இல்லாமல் தாக்கலான சிடிக்களை உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கவில்லை. அந்தச் சான்றிதழைக் கேட்டது அப்போது சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு. புதிய சான்றிதழ்ப் படிவத்தில், ஃபைலுக்குக் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணையும் கேட்கிறார்கள். 7-ஜிப் இருந்தால் ரைட் கிளிக்கிலேயே எஸ்எச்ஏ-256 எண் கிடைத்துவிடும். சான்றிதழில் யார் கையெழுத்து போடுவது என்பதை வக்கீல் சொல்வார். ஆனால் ‘ஹேஷ் எடுத்து வெச்சிருக்கேன் சார்’ என்று நீங்கள் சொல்லும் அந்த நிமிடத்தில் எம்.டி. உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

4. கன்வெர்ஷன் பாதியில் நின்றால்

சத்தமும் வாயசைப்பும் போகப் போக விலகுகிறதா? போன் கேமராக்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும். ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

குறிப்பிட்ட ஒரே இடத்தில் எப்போதும் நின்றால் ஒரிஜினல் ஃபைல் அங்கே கெட்டிருக்கிறது. வெவ்வேறு இடத்தில் நின்றால் மெஷினைச் சந்தேகப்படுங்கள்: டிஸ்க்கில் இடமில்லை, அல்லது சூடு. நம் ஊரில் சூட்டுக்குத் தனிக் காரணம் உண்டு. கட்டிங், ஸ்டிச்சிங் நடக்கும் கட்டடத்தில் வைத்த சிபியூவைத் திறந்து பாருங்கள். ஃபேனில் பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும். கன்வெர்ஷன் என்பது ப்ராசஸரை முழு வேகத்தில் ஓட்டும் வேலை. காற்றுப் போகாத மெஷின் வேகத்தைக் குறைக்கும், அல்லது அணைந்துவிடும். சாஃப்ட்வேரைத் திட்டுவதற்கு முன் ப்ளக்கைப் பிடுங்கி, ப்ளோயர் அடியுங்கள்.

பென் டிரைவில் நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறவில்லை என்றால் அது ஃபேட்32 ஃபார்மேட். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்த பிறகு.

5. டிஸ்க்: செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

டிவிடி கேட்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. வழக்குக் கட்டு, பழைய ஆபீஸ் ஃபைல், பேரன் கல்யாணத்தை வீட்டு டிவிடி ப்ளேயரில்தான் பார்ப்பேன் என்கிற பெரியவர்கள். ரைட்டர் உள்ள லேப்டாப் இன்று அரிது. யுஎஸ்பி ரைட்டர் ஒன்று உங்கள் மேசையில் இருந்தால் உங்களைத் தேடி வருவார்கள்.

முதல் கேள்வி, டேட்டா டிஸ்க்கா, வீடியோ டிஸ்க்கா? எம்பி4 ஃபைலை அப்படியே எழுதினால் டேட்டா டிஸ்க். கம்ப்யூட்டரில் ஓடும், பழைய ப்ளேயரில் ஓடாது. அதில் ஓட, எம்பெக்-2 முறையில், நம் நாட்டு டிவி முறையான ‘பால்’ (PAL) அளவு 720க்கு 576, விநாடிக்கு 25 ஃப்ரேம் என்று மாற்றி, வீடியோ_டிஎஸ் ஃபோல்டராகக் கட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக் இதைச் செய்யாது. டிவிடிஸ்டைலர் செய்யும். விண்டோஸ் 7 வரை கூடவே வந்த டிவிடி மேக்கரை விண்டோஸ் 8இல் எடுத்துவிட்டார்கள், அதனால் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

‘ஃபைல் ஒரு ஜிபிதானே, டிவிடியில் நாலு படம் போடலாமே?’ என்று கேட்பார்கள். வீடியோ டிவிடியில் இடத்தைத் தீர்மானிப்பது ஓடும் நேரம். 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் என்றால் விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும். பார்க்க நன்றாக இருக்கும். நாலு மணி நேரம் திணித்தால் அதில் பாதி. தாலி கட்டும் இடத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுங்கள்.

எழுதும்போது பெயிலானால் வரிசையாகப் பாருங்கள். டிஸ்க் மலிவு ரகமா? பிராண்டை மாற்றுங்கள். வேகம் மேக்ஸிமத்தில் இருக்கிறதா? 4எக்ஸ் அல்லது 8எக்ஸுக்கு இறக்குங்கள். யுஎஸ்பி ரைட்டரை ஹப்பில் செருகியிருக்கிறீர்களா? கரண்ட் போதாது, நேராக மெஷினில் செருகுங்கள். புது டிஸ்க்கையும் அடையாளம் காணவில்லை என்றால் லென்ஸில் பஞ்சு. எழுதி முடிந்தது, ஆனால் வேறு மெஷினில் காலியாகக் காட்டுகிறது என்றால் டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யவில்லை. விண்டோஸ் ஆரம்பத்தில் கேட்கும் இரண்டு ஆப்ஷன்களில் ‘பென் டிரைவ் போல’ என்பதைத் தேர்ந்தெடுத்ததால் வரும் வினை இது. இம்க்பர்ன் என்ற சாஃப்ட்வேரில் எழுதி, ‘வெரிஃபை’ டிக் போடுங்கள். கூடுதல் நேரம் எடுக்கும்தான். வெரிஃபை ஆகாத டிஸ்க்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள். எழுதும்போது யுபிஎஸ் கட்டாயம்.

6. ஞாயிற்றுக்கிழமை வருமானம்

தொண்ணூறுகளில் எக்ஸ்போர்ட் ஏறிய காலத்தில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் விஎச்எஸ் கேசட் பரணில் கிடக்கிறது. அடுத்த பத்தாண்டு ஆட்களிடம் மினிடிவி கேசட். இவற்றை ஃபைலாக மாற்றிக் கொடுப்பதுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை. உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியோடு மினிடிவி கேசட் தயாரிப்பையும் முடித்துக்கொண்டது. ஓட்டும் மெஷின் குறையக் குறைய, வைத்திருப்பவருக்கு ரேட் ஏறும்.

மினிடிவியை ஃபயர்வயர் வழியாக எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். விஎச்எஸ்ஸில் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போல கோடு தெரிந்தால் டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே செருகினால் உங்கள் விசிஆர் ஹெட் போய்விடும். முதலில் திறந்து காட்டி, ரிஸ்க்கைச் சொல்லி, ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். சினிமா கேசட், சினிமா டிவிடி என்று வந்தால் காப்பி போடாதீர்கள். பணம் கேசட் கணக்கில் வேண்டாம், ஓடும் நேரக் கணக்கில் பேசுங்கள். பாதி முன்பணம்.

7. பெயர் வாங்குவதும் ஒரு ஸ்கில்

வேலையை முடித்துவிட்டு ‘டன் சார்’ என்று மட்டும் அனுப்பினால், நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. ஃபைல் பெயரில் பிஓ நம்பர், ஸ்டைல் நம்பர், தேதி மூன்றும் இருக்கட்டும். மெயிலில் இரண்டே வரி: என்ன கோளாறு, என்ன செய்தோம், எந்தெந்த மெஷினில் ஓட்டிப் பார்த்தோம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் அட்டாச் ஆகாது. டிரைவ் லிங்க் என்றால் பர்மிஷன் திறந்திருக்கிறதா என்று வேறு அக்கவுன்டில் சோதித்துவிட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அமுக்கித் தையல் தெரியாமல் செய்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒருமுறை சரிசெய்தால், பிரிண்டர் ரிப்பேர் முதல் அக்கவுன்ட்ஸ் அண்ணனின் மகள் பர்த்டே வீடியோ வரை உங்கள் தலையில் விழும். முதல் முறை செய்துகொடுங்கள். இரண்டாம் முறை பக்கத்தில் உட்காரவைத்து அவரையே செய்யச் சொல்லுங்கள். மூன்றாம் முறை ‘ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாங்கண்ணா, மணிக்கு இவ்வளவு ஆகும்’. ஷிப்மென்ட் வேலையை மட்டும் எப்போதும் உடனே செய்யுங்கள், அதை ஒரு ஷீட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

அந்த ஷீட்தான் அப்ரைசலில் உங்கள் பேப்பர். வேறு கம்பெனிக்கு மாறுவதென்றாலும் ரெஸ்யூமேயில் ‘வீடியோ எடிட்டிங் தெரியும்’ என்று போடாதீர்கள். அதை எல்லோரும் போடுகிறார்கள். ‘சிசிடிவி, இன்ஸ்பெக்ஷன், லோடிங் வீடியோக்களை பையர் ஃபார்மேட்டுக்கு மாற்றி அனுப்புவது, ஒரிஜினல்களை ஹேஷ் எண்ணோடு பாதுகாப்பது என் பொறுப்பில் இருந்தது’ என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும். பதில் உங்கள் கையில் தயாராக இருக்கும்.