குலசேகரன்பட்டினமும் எட்டு மீட்டர் கணக்கும்

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள தம்பிக்கு,

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது செயற்கைக்கோள் ஏவுதளம் அமைவது, அவ்வூர் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால்தான் என்று பலரும் சொல்லிவருகின்றனர்; அப்படியானால் ஸ்ரீஹரிகோட்டா மட்டும் வெகுதொலைவிலா இருக்கிறது என்ற உன் கேள்வி அந்த விளக்கத்தைவிட அறிவியலுக்கு நெருக்கமானது.

பூமியின் சுழற்சியால் தரைக்குக் கிழக்கு நோக்கி அமையும் வேகம் நிலநடுக்கோட்டில் நொடிக்கு 465 மீட்டர், 13.7 பாகை வடக்கிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் அது சுமார் 452, 8.4 பாகையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் 460. தாழ்வான சுற்றுப்பாதையில் நிலைபெற நொடிக்கு ஏறத்தாழ 7,600 மீட்டர் வேகம் தேவைப்படும் செயற்கைக்கோளுக்கு இந்த எட்டு மீட்டர் ஒரு பொருட்டே அன்று. மேலும், அங்கிருந்து ஏவக் கருதும் துருவப் பாதைகளில் ஒன்றான, ஓரிடத்தை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்குமாறு அமைந்த சூரிய ஒத்தியக்கப் பாதை, நிலநடுக்கோட்டுக்கு 97 பாகை அளவில் சாய்ந்து, சற்றே மேற்கு நோக்கிச் செல்வதாகையால், பூமியின் சுழற்சி அதற்கு உதவியாக அல்லாமல் இடைஞ்சலாகவே அமைகிறது. கையில் கணக்கீட்டுக் கருவி இருந்தும் நிலநடுக்கோட்டு வேகத்தை அகலாங்கின் கோசைனால் பெருக்கும் இந்தச் சிறு கணக்கைச் செய்து பாராமல் கதை சொல்வது மன்னிக்கத்தக்கதன்று.

உண்மைக் காரணம் நிலப்படத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர்தெற்கே சென்னையும் அதற்கப்பால் இலங்கையும் உள்ளன; எரிந்து முடிந்து கழன்று விழும் அடுக்குகள் மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடாது என்பதால், துருவப் பாதைக்குரிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதலில் தென்கிழக்காகப் புறப்பட்டு, இலங்கையை விலக்கியபின் தெற்கே திரும்புகிறது. இத்திருப்பம் இலவசமன்று. நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பொருளை, வேகத்தைச் சிறிதும் கூட்டாமல் 30 பாகை திருப்புவதற்கு மட்டுமே நொடிக்கு 1 கிலோமீட்டர் அளவு வேகமாற்றம் தேவை. நொடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் திருப்பினால் அது இரட்டிப்பாகும். முடுக்கத்தோடு சேர்த்துத் திருப்புவதால் இழப்பு ஓரளவு குறைந்தாலும், முற்றிலும் நீங்குவதில்லை. 320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. இதைத் தாங்கிக்கொள்ளும்; 120 டன் எடையும் 34 மீட்டர் உயரமும் கொண்டு, 500 கிலோவை மட்டுமே தாழ்வான பாதைக்கு ஏற்றவல்ல, குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவக் கருதும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கோ அது பெருஞ்சுமை. குலசேகரன்பட்டினத்திற்குத் தெற்கே அண்டார்டிகா வரை கடலே.

நிலநடுக்கோட்டு அருகாமைக்கு மதிப்பே இல்லை என்பதன்று இதன் பொருள். 36,000 கிலோமீட்டர் உயரத்துப் புவிநிலைப் பாதை நிலநடுக்கோட்டுத் தளத்திலேயே அமைய வேண்டியிருப்பதால், ஏவுதளம் அத்தளத்தை நெருங்க நெருங்கப் பாதையின் சாய்வைச் சரிசெய்யும் செலவு குறையும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962ஆம் ஆண்டிலேயே அல்ஜீரியாவும் விடுதலை பெற்றதனால், அங்கிருந்த தன் ஏவுதளத்தை இழக்கவேண்டிய நிலைக்கு வந்த பிரான்சு, 1964இல் தென்னமெரிக்காவில் 5 பாகையிலுள்ள கூரூவைத் தேர்ந்தது. பிரெஞ்சு வரலாற்றைக் கடற்கரைச் சாலைக் கட்டடங்களோடு முடித்துக்கொள்ளும் நம்மூர் வழக்கம் இந்த அத்தியாயத்தைத் தவறவிட்டுவிடுகிறது. கேரளத்துத் தும்பாவோ, 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது, புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்ததற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. தும்பாவைப் பற்றியும் பேசும் 'அக்னிச் சிறகுகள்' நூலைப் படித்தவர்களும் இதை மறந்துவிடுகின்றனர்.

குலசேகரன்பட்டினத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பிப்ரவரி 28 அன்று. எஸ்.எஸ்.எல்.வி. 2022 ஆகஸ்டில் தோற்று, 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் வென்றது. இம்மூன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்டன. கூரூவின் தரை வேகத்தையும் கணக்கிட்டு, அடுத்த கடிதத்தில் விடையை மட்டுமன்றி வழிமுறையையும் எழுதுக.