அடுக்குமாடிக் கட்டுமானமும் ஏரி நீரும்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அண்மையில் அமைந்த ஜோகுபாளையம், நெருக்கமான குடியிருப்புகள் கொண்ட பகுதியாகும். இத்தகைய இடத்தில் பெரிய அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும்போது, கேடு அடித்தளப் பள்ளத்திலேயே தொடங்கிவிடுகின்றது. பள்ளத்தில் ஊறும் நீரை இடைவிடாது இறைப்பதால் சுற்றுப்புற நிலத்தடி நீர்மட்டம் தாழ்கின்றது. இறைத்த கலங்கல் நீரிலுள்ள வண்டலோ மழைநீர்க் கால்வாய்களைத் தூர்த்து, எஞ்சியது ஏரிகளை அடைகின்றது. நீரை முதலில் ஒரு தொட்டியில் தெளியவிட்டு, அதையே புழுதி அடங்கத் தெளிக்கலாம். இதற்காகும் செலவு சொற்பமே. அதனையும் கட்டுவோர் மிச்சம் பிடித்தால், தூர்வாரும் செலவாக அது வரி செலுத்துவோர் தலையில் விழுகின்றது.

2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட மத்திய அரசின் அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புடைய கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. சிறு மனைகளில் எழும் கட்டடங்கள் பல இவ்வரம்பை எட்டுவதில்லை. ஒரே தெருவில் இத்தகைய பத்துப் பள்ளங்கள் தோண்டப்படினும் அவற்றின் கூட்டு விளைவை அனுமதிக் கோப்பு எதுவும் காட்டாது.

ஏரிக் கரையிலிருந்து 75 மீட்டருக்குள் கட்டலாகாது எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் பெங்களூருக்கு விதித்த வரம்பை, 2019இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இடைவெளி எத்துணையாயினும், கால்வாய் வழி செல்லும் வண்டலை அது தடுப்பதில்லை. எனவே ஆய்வு அலுவலர் அளவு நாடாவுடன் ஏரிக்கரைக்குச் செல்வதோடு, மழைக்காலத்தில் பள்ளத்தின் நீர் எங்கு விடப்படுகின்றது என்பதையும் நேரில் காண வேண்டும்.