வெயில் ஏறினால் பெல்லட்டின் வேகம் ஏறுமா?

திண்டுக்கல்லில் மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும் வெப்பநிலை, சித்திரை மதியத்தில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகள் புள்ளி குறைந்தால் பழியை வெயில் மேல் போடுகிறார்கள். சிலர் நன்றாக இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றித் திருகிப் பாழாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: சூட்டில் சிலிண்டர் அழுத்தம் ஏறும், பெல்லட்டும் வேகமாகப் பாயும்.

முதல் பாதி உண்மை. 20 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர், 40 டிகிரியில் ஏறக்குறைய 214 பார் காட்டும். ஆனால் அந்த அழுத்தம் நேராகப் பெல்லட்டுக்குப் போவதில்லை. நடுவில் ரெகுலேட்டர் இருக்கிறது. அதனுள்ளே ஒரு பிஸ்டன், அதைத் தாங்கக் கிண்ண வடிவ எஃகு வாஷர்களின் அடுக்கு. வால்வுக்கு முந்தைய சிற்றறையில் குறித்த அழுத்தம் சேர்ந்ததும், பிஸ்டன் வாஷர்களை அமுக்கி நகர்ந்து வழியை அடைத்துவிடும். பின்னால் 214 பார் இருந்தாலும் 150 இருந்தாலும் அறைக்குள் வருவது ஏறத்தாழ ஒரே அழுத்தம்தான். 20 டிகிரி கூடியதால் எஃகின் விறைப்பு நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது.

பின் இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு வேரூன்றியது? கரியமில வாயுவில் இயங்கும் துப்பாக்கிகளைப் பார்த்தவர்களுக்கு அது அனுபவ உண்மை. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் அந்த வாயுவின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே இருக்காது. நம் ஊர் வெயிலில் அப்படியொரு துப்பாக்கி காலையில் ஒரு விதமாகவும் மதியம் வேறு விதமாகவும் சுடுவதில் வியப்பில்லை. வெடிமருந்தும் சூட்டில் வேகமாக எரியும். அந்தப் பாடங்களை அழுத்தக் காற்று ரைஃபிளுக்கு அப்படியே பொருத்தியதுதான் பிழை.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: ரெகுலேட்டர் இருந்தால் வெப்பம் ஒன்றுமே செய்யாது என்பது. இதுவும் தவறு. ஓ-ரிங் குளிரில் விறைக்கும், கிரீஸ் கெட்டியாகும், வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலின் ஓட்டம் மந்தமாகும். அதனால் குளிரில் வேகம் சற்றுக் குறைவதுண்டு. எவ்வளவு என்பது ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். அதைவிடப் பெரிய சிக்கல் பூட்டிய காருக்குள் இருக்கிறது. 30 டிகிரியில் 130 பாராக அறையில் அடைபட்ட காற்று, 60 டிகிரியில் 143 பாராகிவிடும். ரெகுலேட்டர் உள்ளே வரும் காற்றைத்தான் தடுக்கும்; ஏற்கெனவே வந்து அடைந்ததை வெளியே விடாது. அழுத்தம் கூடியதால் வால்வு திறக்கத் திணறி, முதல் குண்டு மெதுவாகப் போகவும் கூடும். ஒரு குண்டைப் பார்த்து ரைஃபிளை எடைபோடாதீர்கள்.

சிறு மாற்றத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 10 மீட்டர் தூரத்துக்கு, நொடிக்கு 172 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 169 ஆகக் குறைந்தால் சுமார் 0.6 மில்லிமீட்டர் கீழே இறங்கும். பத்துப் புள்ளியின் மையப் பொட்டே 0.5 மில்லிமீட்டர்தான், 0.1 புள்ளிக்கு 0.25 மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளில் 630.7 எடுத்து 10-வது இடம் பெற்றார். இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. அந்த மட்டத்தில் தசமமும் கணக்குதான். பழகத் தொடங்கிய பிள்ளைக்கோ மூச்சும் விசைவிரலும் செய்யும் பிழை இதைவிடப் பல மடங்கு பெரியது.

கொடைக்கானலில் காற்று குறைவு, அங்கே ரைஃபிள் பலம் இழக்கும் என்பது இன்னொரு பேச்சு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே வெளிக்காற்றின் அழுத்த வேறுபாடு சுமார் 0.2 பார். 130 பாரில் தள்ளும் ரைஃபிளுக்கு அது ஒரு பொருட்டல்ல. உண்மையில் மலையில் 15 டிகிரியில் உள்ள காற்று, இங்கே 35 டிகிரியில் உள்ள காற்றைவிட ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. எதிர்க்கும் காற்று மெலிவதால் பெல்லட் தன் வேகத்தைக் கூடுதலாகத் தக்கவைத்துக்கொள்ளும். 10 மீட்டரில் தெரியாது, 50 மீட்டரில் தெரியும்.

கைப்பம்பில் 200 பார் ஏற்றிவிட்டு, சற்று நேரத்தில் 190 ஆகிவிட்டதே, லீக் என்று பதறுபவர்களும் உண்டு. பம்ப் அடிக்கும்போது காற்று சூடாகும். 45 டிகிரியில் 200 பார் இருந்தது 30 டிகிரிக்கு ஆறினால் 190 பார்தான். ஆறிய பிறகும் நாள்தோறும் இறங்கினால் மட்டுமே லீக்கைத் தேடுங்கள்.

பயிற்சியைத் தொடங்குமுன் ரைஃபிளைக் கூடத்தின் வெப்பத்துக்குப் பழக விடுங்கள், நாலைந்து குண்டுகளை விட்டுவிட்டுப் பிறகு குரோனோகிராஃபில் வேகம் பாருங்கள். சிலிண்டரில் பொறித்த காலாவதித் தேதியையும் பாருங்கள். பன்னாட்டுப் போட்டி விதி பத்து ஆண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. முழு அழுத்தம் ஏற்றிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் காருக்குள் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.